வேடன் தங்கிய ஏரி

பட்டுப்புடவை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுவார்கள். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, பூசிமலைக்குப்பம் காட்டோரத்தில் ஆரணி ஜாகீர்தார்கள் கட்டிய மாளிகை பாழடைந்து நிற்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த மாளிகையைப் பற்றி ஊரில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்றை ஊகிக்கலாம். காட்டை ஒட்டி மாளிகை கட்டியவர் கச்சேரி கேட்பதற்காக மட்டும் அங்கே போய்த் தங்கியிருக்க மாட்டார். அந்தக் காலத்து ஜமீன் வாழ்க்கையில் வேட்டைக்கு ஓர் இடம் உண்டு. வெள்ளைக்காரத் துரை விருந்தாளியாக வந்துவிட்டால், விருந்தில் பாதி வேட்டைதான்.

புலி வேட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வாத்து வேட்டையைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. ஆனால் ஏரிகள் நிறைந்த வட தமிழகத்துக்கு நெருக்கமானது அதுதான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வருகிறவை. பகலில் ஏரி நடுவில் மிதந்து ஓய்வெடுக்கும், இருட்டியதும் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் மேயப் போகும், விடியும் நேரத்தில் திரும்பும். வேட்டைக்காரனுக்கு வேண்டியது அந்த விடியல் நேரம்தான். எந்தக் கரையில் பதுங்கினால் பறவை தலைக்கு மேலே வரும், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே இடுப்பளவு, எங்கே சேறு என்பதெல்லாம் துரைக்குத் தெரியாது. ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். அதனால் எந்த வேட்டையிலும் முன்னால் ஓர் உள்ளூர்க்காரன் நடப்பான். கூலிக்கு வரும் வழிகாட்டி அவன். சுட்டவர் பெயர் புத்தகத்தில் ஏறியது. இவன் பெயரை எழுதி வைத்தவர்கள் குறைவு.

இந்த விளையாட்டின் உச்சத்தைப் பார்க்க ராஜஸ்தானின் பரத்பூருக்குப் போக வேண்டும். பள்ளமான நிலத்தில் கரை போட்டு, அஜான் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, வாத்து சுடுவதற்கென்றே ஓர் ஏரித் தொகுதியை அந்த ஊர் மன்னர்கள் உண்டாக்கினார்கள். 1902-ல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் பெரிய வேட்டைகள் தொடங்கின. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. எந்தத் தேதியில், யார் வந்து, எத்தனை சுட்டார்கள் என்ற பட்டியலைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கேவலாதேவ் கோயிலுக்குப் பக்கத்தில் அந்தக் கல் இன்றும் நிற்கிறது. கோயிலில் திருப்பணி செய்தவர்கள் பெயரைப் பொறிப்பதைப் போல!

அதே இடம் 1982-ல் தேசியப் பூங்காவாகி, 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. இப்போது அங்கே போகிறவர்களைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு, கிளைக்குள் மறைந்திருக்கும் ஆந்தையைக்கூடக் கண்டுபிடித்துக் காட்டுகிறவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ரிக்‌ஷாக்காரர்கள். துப்பாக்கி போய்விட்டது, வழிகாட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறார்.

நம் பக்கத்துக் கதை இதைவிடப் பழையது. ஆரணியிலிருந்து கிழக்கே வந்தவாசியைத் தாண்டிப் போனால் வேடந்தாங்கல். வேடன் தங்கிய ஊர் என்பதுதான் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். 18-ம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்து நிலக்கிழார்களுக்கு அது வேட்டைக்களமாக இருந்ததாம். பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் வந்து கூடு கட்டிய பறவைகளைச் சுட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798-ல், பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். வனத்துறை என்ற ஒன்று பிறப்பதற்கு வெகு காலம் முந்தைய ஆவணம் இது.

ஊர்க்காரர்கள் பறவைமீது வைத்த பாசம் மட்டும் இதற்குக் காரணமில்லை. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாவற்றின் எச்சமும் ஏரியில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. பறவை போனால் விளைச்சலும் குறையும் என்று ஆயக்கட்டு விவசாயிக்குத் தெரிந்திருந்தது. சுமார் 74 ஏக்கர் ஏரி 200 வருடத்துக்கு மேலாகத் தப்பிப் பிழைத்ததற்கு இந்தக் கணக்கு முக்கியமான காரணம். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்கும் யோசனை கிளம்பிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

அமெரிக்காவில் இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. அங்கே வாத்து வேட்டை இன்றும் சட்டபூர்வமான தொழில். தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நாணலால் மறைப்புக் கட்டி, பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, சுட்டதை நீந்திப் போய்க் கவ்வி வர நாயும் வைத்துக்கொண்டு, காசு வாங்கி ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அரசு நிலத்திலும் அனுமதி பெற்றுச் சுடலாம். ஆனால் 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்கியாக வேண்டும். 1934-ல் வந்த ஏற்பாடு இது. முத்திரைப் பணத்தில் ஏறக்குறைய முழுவதும் நீர்நிலைகளை வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை சுமார் 60 லட்சம் ஏக்கர் இப்படிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சுடுகிறவர் காசில் பறவைக்கு இடம் கிடைப்பது நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். வேடந்தாங்கல் விவசாயிக்கு உரம், அமெரிக்க வேட்டைக்காரருக்கு அடுத்த வருடத்து வாத்து. தண்ணீர் இருந்தால் லாபம் என்று ஓர் ஆள் இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்குகிறது.

இந்தியாவில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த அன்றே எல்லா வேட்டையும் நின்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிறு வேட்டைக்கு உரிமம் தரும் பிரிவு அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 1991-ல் வந்த திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது.

மீனுக்கு அந்தக் கதவு முழுதாக மூடவில்லை. தூண்டில் பிடித்த துரைகளில் முக்கியமானவர் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். ஆற்றுத் தூண்டிலைப் பற்றி 1873-ல் ஒரு நூல் எழுதியவர், பிறகு ஏரியில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூலும் எழுதினார். ஆனால் பெரிய மீனுக்கு ஆசைப்பட்டவர்கள் காவிரிக்குப் போனார்கள். அங்கே பெரிய மகசீர் மீன்கள் இருந்தன. மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

பின்னாளில் கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாக்கலி என்று காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் நடந்தன. விருந்தாளி பரிசலில் உட்கார்ந்திருப்பார். கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டிக் கொக்கியில் குத்துவதும், எந்தப் பாறையின் மறைவில் மீன் படுத்திருக்கும் என்று சொல்வதும் உள்ளூர் வழிகாட்டியின் வேலை. பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று 2010-களின் தொடக்கத்தில் இது நிறுத்தப்பட்டது. முகாம்கள் இருந்தவரை வெடி வைத்து மீன் பிடிக்கிறவர்கள் கிட்டே வரவில்லை என்பது தூண்டில்காரர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு.

ஆனால் அவர்களுடைய பிடிப்புக் குறிப்பேடுகளே வேறொரு கதையும் சொல்லின. காவிரிக்கே உரிய திமில் மகசீர் வருடா வருடம் குறைந்து, நீலத் துடுப்பு மகசீர் பெருகியது அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் அலசியபோது தெரியவந்தது. லோனாவாலாவில் டாடா பண்ணையில் பொரித்த குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டதன் விளைவு. திமில் மகசீருக்கு ஒழுங்கான அறிவியல் அடையாளமே 2018-ல்தான் உறுதியானது. கையோடு அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

தமிழ்நாட்டு ஏரியில் மீன் வேறு விதமாகப் பிடிபடுகிறது. பெரும்பாலும் ஏலம், குத்தகை, கட்லா, ரோகு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கட்டணமும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. கிடைத்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பதே வழக்கம்.

ஆரணியைச் சுற்றியும் ஏரிகள் இருக்கின்றன. கமண்டல நாகநதி மழைக்காலத்தில் ஓடுகிறது. பறவைகளும் வருகின்றன. குறைவது, ஏரி நிறைந்தால் தனக்கு லாபம் என்று காவல் நிற்கும் ஆள்தான். கிணறும் மோட்டாரும் வந்த பிறகு ஏரித் தண்ணீரை நம்பாமல் பயிர் வைக்க முடிகிறது, ஏரியின் மீதிருந்த கவனமும் அதோடு தளர்ந்துவிட்டது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம். சாலையோரம் யாராவது கொக்கோ காட்டு வாத்தோ விற்றால் வாங்க வேண்டாம். சட்டப்படி அது குற்றம், 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பறவையைப் பார்க்க ஆசையிருந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வேடந்தாங்கலுக்குப் போய் வாருங்கள். சாயங்காலம் போவது நல்லது, இரை தேடப் போனவை கூட்டுக்குத் திரும்பும் நேரம் அது.