சிலிண்டர் கணக்கு

புது குக்கர் வாங்கிய வீட்டில் 35 நாள் வந்துகொண்டிருந்த சிலிண்டர் இப்போது 42 நாள் வருகிறது. மிச்சம் குக்கரால்தானா? நடுவில் பிள்ளைகள் லீவுக்குப் பாட்டி வீடு போயிருந்தால்? குக்கர் வாங்காத பக்கத்து வீட்டில் அதே சமயம் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். டிஜிட்டல் பணச் சேவையால் என்ன பலன் என்று அளப்பதும் இதே வேலைதான்.

கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசாவைத் தொடங்கியது. வங்கிக் கணக்கே வேண்டாம். ஏஜென்ட் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் செல்போன் கணக்கில் ஏறும். அங்கிருந்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம். இதனால் வறுமை எவ்வளவு குறைந்தது? சேர்ந்தவரையும் சேராதவரையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். கொஞ்சம் வசதி உள்ளவர்தான் முதலில் சேர்ந்திருப்பார். குக்கர் வாங்கியதே சிக்கனக்காரர் வீடு என்பதைப் போல.

தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் பிடித்த வழி அழகானது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை ஏஜென்ட் கடைகள் புதிதாக வந்தன என்று பார்த்தார்கள். கடை எங்கே வரும் என்பது அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை அல்லவா? 2008 முதல் 2014 வரை அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய் விசாரித்தார்கள். 2016இல் 'சயன்ஸ்' இதழில் வந்த விடை: 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யாவின் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து மீண்டன.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய 2014 கட்டுரை. நோயோ வேலை இழப்போ வந்தபோது, எம்-பெசா இல்லாத வீட்டின் செலவு சுமார் 7 சதவீதம் சுருங்கியது. இருந்த வீட்டில் சுருங்கவில்லை. உறவுக்காரர்கள் உடனே பணம் அனுப்பிவிட்டார்கள். பலன் எந்த வழியாக வந்தது என்பது இங்கேதான் தெரிகிறது.

எதிர்ப்பும் வந்தது. புதிதாகத் தொடங்கி மூடப்பட்ட சிறு கடைகளையும், மக்கள் தலையில் ஏறிய கடனையும் இந்தக் கணக்கு விட்டுவிட்டது என்று 2019இல் வேறு சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். நியாயமான கேள்விதான்.

சுற்றுச்சூழல் பக்கம் வந்தால் எதையெல்லாம் சேர்ப்பது என்பதே பெரிய தலைவலி. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர், சிலிண்டர் மிச்சம் என்று சொல்லிவிட்டு கரண்ட் பில்லை மறைக்கக் கூடாது. நெதர்லாந்து மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டுக் கணக்கை ஒளிக்காமல் போட்டார்கள். நாணய உலோகம், ஏடிஎம் மின்சாரம், பணம் ஏற்றும் வண்டி எல்லாம் சேர்த்து, ஒரு ரொக்கப் பரிவர்த்தனைக்கு 4.6 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெளியேற்றம். டெபிட் கார்டுக்கு 3.78 கிராம். அந்தக் கார்டுக் கணக்கில் முக்கால் பங்கு, கடைக்காரர் மேசையில் இருக்கும் கார்டு தேய்க்கும் மெஷினால் வருவது. யாரும் தேய்க்காத நேரத்திலும் அது மின்சாரம் தின்கிறது.

வித்தியாசம் ஒரு கிராம்கூட இல்லை. அதிலும், நாம் ஒரு தடவை கார்டைத் தேய்த்ததற்காக ஏடிஎம் அணைந்துவிடுவதில்லை. இரண்டு ஏற்பாடும் சேர்ந்தே ஓடுகின்றன. காகிதம் இல்லாத சேவையால் இத்தனை மரத்தைக் காத்தோம் என்று உங்கள் வங்கி செய்தி அனுப்பினால், சர்வரும் மெஷினும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுதிக் கேளுங்கள்.