நான்கு பூதங்களும் நம் குழந்தைகளும்

ஆண்டுதோறும் பங்குனித் திங்கள் முடிவுறும் தறுவாயில், லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில், "ஊரிலிருந்து பஞ்சாங்கம் வந்துவிட்டதா?" என்ற கேள்வி எழுதல் வழக்கம். அதே நாட்களில் நம் வங்காளி அண்டை வீட்டாரும் புதிய பஞ்சிகை வாங்குகின்றனர். சித்திரை முதல் நாளை நாமும், பைசாக முதல் நாளை அவர்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கொண்டாடுவதற்குக் காரணம் ஒன்றே. கதிரவன் மேஷ ராசியிற் புகும் பொழுதே இரு சாராருக்கும் ஆண்டின் தொடக்கம் ஆகும்.

நாளும் கிழமையும் திதியும் அறிய உதவும் பஞ்சாங்கத்தை நாம் குறைகூற வரவில்லை. வேறொரு பழக்கம் நம் இல்லங்களில் பரவி வருவதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆங்கில ஏடுகளிலும், இப்போது கைப்பேசியிலும் வரும் ராசிபலன்களைப் படித்துவிட்டு, "இவன் நெருப்பு ராசி, முன்கோபம் இருக்கத்தான் செய்யும்" என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டே பேசுகிறோம். "பெண் நீர் ராசி, பிள்ளை நெருப்பு ராசி, எப்படி ஒத்துவரும்?" என்று வரன் பார்க்கும் இடத்திலும் கேட்கிறோம். தாயகத்திலிருந்து விலகி, நம்மவர் தொகை குறைவாயுள்ள நகரத்தில் வாழும் நமக்கு இஃது சிறு செய்தியன்று. இக்கூற்றுக்கு என்ன அடிப்படை என்று ஆராய்தல் நம் கடமையாகும்.

நான்கின் வரலாறு

பன்னிரு ராசிகளையும் மும்மூன்றாகப் பிரித்து நான்கு பூதங்களுக்கு உரிமையாக்குவர். மேஷம், சிம்மம், தனுசு ஆகியவை நெருப்பு. ரிஷபம், கன்னி, மகரம் ஆகியவை நிலம். மிதுனம், துலாம், கும்பம் ஆகியவை காற்று. கடகம், விருச்சிகம், மீனம் ஆகியவை நீர். நெருப்பு ராசியார் ஊக்கமும் சினமும் உடையவர், நில ராசியார் உறுதியும் சிக்கனமும் உடையவர், காற்று ராசியார் பேச்சும் அறிவும் மிக்கவர், நீர் ராசியார் இளகிய மனத்தர் என்பது இக்கூற்றின் சுருக்கம்.

தமிழர்க்கோ பூதங்கள் ஐந்து. உலகம் நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்னும் ஐந்தின் கலப்பு என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, திருக்காளத்தி, தில்லை ஆகிய ஐந்து தலங்களையும் ஐம்பூதத் தலங்களாகப் போற்றுகிறோம். அங்ஙனமிருக்க, ராசிக் கணக்கில் மட்டும் விசும்பு எங்கே போயிற்று? விடை எளிது. பன்னிரண்டை நான்கால் வகுக்கலாம். ஐந்தால் மீதியின்றி வகுக்க இயலாது.

நான்கு பூதக் கொள்கை நம் நாட்டிற்கு முற்றும் புதியதன்று. பௌத்தரும் உலகாயதரும் நான்கையே ஏற்றனர். ஆயினும் மனிதரின் குணத்தோடு நான்கு பூதங்களைப் பிணைத்துப் பேசும் முறை யவனரிடம் வளர்ந்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எம்பெடோக்கிளீஸ் நான்கு மூலங்களைக் கூறினார். பின்னர் யவன மருத்துவர் உடலில் நான்கு நீர்மங்கள் உண்டென்றும், அவற்றின் மிகுதி குறைவால் நோயும் குணமும் அமையும் என்றும் கொண்டனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ் பெற்ற காலென் என்னும் மருத்துவர் இதனை விரிவாக எழுதினார். ராசிகளும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டன.

யவன ஜோதிடம் நம் நாட்டிற்கு வந்த தடம் நம் நூல்களிலேயே உள்ளது. 6-ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் மேஷத்திற்குக் 'கிரிய' என்றும் ரிஷபத்திற்குத் 'தாவுரி' என்றும் யவனப் பெயர்களைத் தருகிறார். ஆனால் அவர் மும்மூன்று ராசிகளைத் திசைகளுக்கு உரியனவாகக் கூறி, பூதங்களைக் கோள்களுக்குப் பகிர்ந்தளித்தார்: செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நிலம், வியாழனுக்கு விசும்பு, வெள்ளிக்கு நீர், சனிக்குக் காற்று. கோள்கள் ஐந்தாதலின் அங்கே விசும்புக்கும் இடம் கிடைத்தது. இன்னும் ஒன்று. நம் பெரியோர் திருமணத்திற்குப் பார்க்கும் பத்துப் பொருத்தங்களில் தினம், கணம், யோனி, ரஜ்ஜு, வேதை முதலியன உள. பூதப் பொருத்தம் என ஒன்று அப்பத்தில் இல்லை. எனவே, நெருப்பும் நீரும் ஒவ்வா எனக் கூறி ஒரு வரனைத் தள்ளுவோர் முன்னோர் மரபைக் காப்பவராகவும் ஆகார்.

கொல்கத்தா வகுத்த எல்லை

நிற்க. ஒருவர் எந்த ராசி என்பதாவது ஐயமற்றதா? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியில் நாம் வாழும் நகரமே பெரும்பங்கு ஆற்றியது.

விடுதலைக்குப்பின் நாட்டின் பல பகுதிகளிலும் ஏறத்தாழ முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழங்கின. இவற்றை ஆராய 1952-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் பேராசிரியர் மேகநாத் சாகா. செயலாளர் நிர்மல சந்திர லாகிரி. இருவரும் அந்நாளைய கல்கத்தாவில் பணியாற்றியவர்கள். 1955-இல் அறிக்கை வெளிவந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வழக்கிற்கு வந்தது. இன்று உப்பு ஏரிப் பகுதியில் இயங்கும் அரசின் வானியல் மையம் கணிக்கும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம், தமிழ் உள்ளிட்ட 14 மொழிகளில் வெளிவருகிறது.

அக்குழு தீர்த்த சிக்கல்களுள் அயனாம்சம் ஒன்று. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், இரவும் பகலும் சமமாகும் புள்ளி விண்மீன்களினிடையே பின்னோக்கி நகர்கின்றது. 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்பது அதன் வேகம். மேலைநாட்டார் அப்புள்ளியிலிருந்தே மேஷத்தைத் தொடங்குவர். நாமோ விண்மீன்களைக்கொண்டு தொடங்குகிறோம். இரண்டிற்கும் உள்ள இடைவெளியே அயனாம்சம். 1956 மார்ச் 21 அன்று அது 23 பாகை 15 கலை எனக் குழு வரையறுத்தது. இன்று அது 24 பாகையைத் தாண்டிவிட்டது. லாகிரி அயனாம்சம் எனத் தமிழகத்து ஜோதிடரும் வழங்குவது இதனையே.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்த குழந்தையை ஆங்கில ஏடு மேஷம் என்னும், ஆகவே நெருப்பு. நம் கணக்கின்படி அன்று கதிரவன் மீனத்தில் உள்ளான், ஆகவே நீர். அடுத்தடுத்த ராசிகள் ஒருபோதும் ஒரே பூதத்தைச் சேர்ந்தவையல்ல. கதிரவன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை செல்வதால், முப்பது நாட்களுள் இருபத்துநான்கு நாட்களில் பிறந்தோர்க்கு, அதாவது ஐவரில் நால்வர்க்கு, இரு கணக்கிலும் பூதம் மாறிவிடுகிறது!

அதுவும் கதிரவனைக் கொண்டு பார்த்தால்தான். நாம் ஜன்ம ராசி என்பது சந்திரன் நின்ற ராசியாகும். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் தங்குகிறான். ஒரே வாரத்திற் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று பூதங்கள் அமையலாம். ராசிச் சந்தியில் பிறந்தால் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று கூற, திருக்கணிதம் வேறொன்று கூறும். வங்காளத்திலும் இதே வழக்கு உண்டு. குப்தா பிரஸ் பஞ்சிகை சூரிய சித்தாந்தத்தைப் பின்பற்ற, விசுத்த சித்தாந்த பஞ்சிகை திருக்கணித முறையைப் பின்பற்றுகிறது. ஏட்டை மாற்றினால் பூதம் மாறுகிறது. குழந்தையின் குணம் மாறுகிறதா?

சோதித்தவர்கள் கண்டது

"கணக்கு எவ்வாறாயினும், அனுபவத்தில் ஒத்துவருகிறதே!" என்பர் சிலர். இது நேர்மையான வாதமே. இதனையும் சோதித்திருக்கிறார்கள்.

1985-இல் அமெரிக்காவின் ஷான் கார்ல்சன் தம் ஆய்வினை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஒரு ஜாதகத்தையும் மூவருடைய குணக்குறிப்புகளையும் கொடுத்து, அம்மூன்றனுள் ஜாதகருக்கு உரியது எது என்று தேர்ந்த ஜோதிடர்களிடம் கேட்டார். மூன்றில் ஒரு பங்கே சரியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அவ்வளவே கிட்டும். நம் நாட்டில் வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் குழுவினர் இதுபோன்ற சோதனையை நடத்தி 2009-இல் முடிவை வெளியிட்டனர். கூர்த்த மதியுடைய மாணவர் நூற்றுவர், மனவளர்ச்சி குன்றியோர் நூற்றுவர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்தனர். விடையனுப்பிய 27 ஜோதிடரின் சராசரி வெற்றி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பது கிட்டியிருக்கும்.

இவற்றினும் நம் பெற்றோர் கருத்திற் கொள்ளவேண்டியது வேறோர் ஆய்வு. 1978-இல் இங்கிலாந்தில் ஜெஃப் மேயோ என்னும் ஜோதிடரும் ஹான்ஸ் ஐசன்க் என்னும் உளவியலாரும் கூட்டாக 2,324 பேரை ஆராய்ந்தனர். நீர் ராசியார் எளிதில் மனங்கலங்குவோராய் இருப்பதாக அவ்வாய்வு காட்டிற்று. ஜோதிடர் மகிழ்ந்தனர். ஆனால் பிறகு, ஜோதிடம் அறியாத குழந்தைகளை அவ்வாறே ஆராய்ந்தபோது அத்தொடர்பு காணப்படவில்லை. ஜெர்மனியில் பாவ்லிக், பூசே என்னும் இருவர் 1979-இல் ஆராய்ந்து, தம் ராசியின் குணத்தை அறிந்து அதனை நம்புவோரிடமே அக்குணம் தென்படுவதைக் கண்டனர்.

இதன் பொருள் யாது? விண்மீன் அக்குணத்தைத் தரவில்லை, சொல்லே தந்தது. "நீ நீர் ராசி, உனக்கு மனவுறுதி குறைவு" என்று கேட்டு வளர்ந்தவர், தம்மைப் பற்றி வினவும்போது அவ்வாறே விடை கூறுகின்றனர்.

நாம் செய்யத்தக்கது

ஈண்டு நாம் வேண்டுவன இரண்டே. பஞ்சாங்கம் பார்த்து விழாவும் விரதமும் கொண்டாடுவது அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடோம். ஆனால், குழந்தையின் காதுபட அவனுடைய குணத்தை ராசியால் அளந்து கூறுதல் வேண்டா. பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் தமிழும் பயின்று, இரு பண்பாடுகளுக்கு நடுவே தன்னைத் தேடும் குழந்தை அது. சினம் மிகுந்த சிறுவனுக்கு, "உன் ராசி அப்படி" என்பது திருத்தமும் ஆகாது, தேறுதலும் ஆகாது. திருந்த இயலாது என்ற தீர்ப்பாகவே அஃது அவன் மனத்தில் பதியும்.

இரண்டாவது, திருமணம். அயல்நாட்டில் போலவே அயல்மாநிலத்திலும் தக்க வரன் அமைதல் அரிது. படித்த, பண்புள்ள பெண்ணை, எந்தப் பொருத்தத்திலும் இல்லாத பூதப் பகையைக் காட்டி ஒதுக்குவது அப்பெண்ணுக்கு இழைக்கும் அநீதி. நம் பிள்ளைக்கும் இழப்பு. இருவரையும் பேசவிட்டு, இரு குடும்பங்களும் பழகிப் பார்த்தால் தெரியும் குணம் எந்த ஏட்டிலும் தெரியாது.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் தலைவரான அதே மேகநாத் சாகா, 1920-இல் வெளியிட்ட சமன்பாட்டினால் உலகப் புகழ் பெற்றவர். விண்மீனின் ஒளியைக்கொண்டு அதன் வெப்பநிலையையும், அதில் உள்ள மூலகங்களையும் அறிய அது வழிகாட்டியது. அதனைப் பயன்படுத்தி 1925-இல் செசிலியா பெய்ன் என்னும் பெண்மணி, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டார். ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்த குழந்தை வானத்தைக் காட்டி, "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், நெருப்பா நீரா என்று தடுமாறாமல் கூறுவதற்கு இந்நகரத்து அறிஞர் ஒருவர் நமக்கு விடை வைத்துச் சென்றுள்ளார். அதனைக் குழந்தைக்குச் சொல்லுவோமாக.