ஷோரூம் வெளிச்சமும் வீட்டு இருட்டும்

விலை உயர்ந்த தொலைக்காட்சிப் பெட்டியின் படத் தரத்தை மதிப்பிட முனைவோர் முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டியது, எதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது என்பதையே. கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதும் என்பது ஒரு நிலைப்பாடு. தமிழ்த் திரையுலகினர் ‘டிஐ’ என்று சுருக்கமாகச் சொல்லும் வண்ணச் சீரமைப்பின்போது, இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் இருட்டறையில் அமர்ந்து பார்த்து ஒப்புக்கொண்ட படத்துக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்ப்பது மற்றொரு நிலைப்பாடு. தொழில்முறை மதிப்பீட்டாளர்கள் இரண்டாவதையே கைக்கொள்கின்றனர். அதற்காகவே அவர்கள், ஸ்டுடியோக்கள் அளவுகோலாகக் கொள்ளும் சோனி பிவிஎம்-எச்எக்ஸ்310 போன்ற மானிட்டரைச் சோதனைக்குரிய டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே காட்சியை இரண்டிலும் ஓடவிட்டு, எது எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொள்கின்றனர்.

வாங்க வருபவருக்கு அந்த வசதி கிடையாது என்பதோடு, கடையின் சூழலே அவருக்கு எதிராக வேலை செய்கிறது. கூரை முழுக்க விளக்குகள் எரியும் ஷோரூமில் வரிசையாக நிற்கும் திரைகளுள் அதிக வெளிச்சமும் நீலம் ஏறிய வெண்மையும் கொண்டதே சிறந்ததாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு. இதை அறிந்தே ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்ற அமைப்பில் டிவிக்கள் அங்கே ஓடவிடப்படுகின்றன. மெதுவாக அசையும் பூக்கள், பவளப்பாறை மீன்கள், இரவு நகரத்தின் விளக்குகள் என அங்கே ஓடும் காட்சிகளும் எந்தத் திரையிலும் குறை தெரியாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டவை. திரைப்படங்கள் தயாராவதோ 6500 கெல்வினை ஒட்டிய, பகல் வெளிச்சத்தைப் போன்ற வெண்மையை அடிப்படையாகக் கொண்டு. ஆகவே விற்பனையாளரிடம் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றி, கையோடு கொண்டுவந்த ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்ப்பதே முறை. தொடக்கத்தில் படம் மஞ்சளித்து மங்கியதுபோல் தோன்றினாலும் சில நிமிடங்களில் கண் பழகிவிடும்.

அதன்பின் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல, கருப்பை. எல்.சி.டி. வகைத் திரையில் பின்னாலிருந்து ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்க, முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அந்த ஒளியைத் தேவைக்கேற்ப விடவும் மறைக்கவும் செய்கின்றன. முழுவதுமாக மறைக்க அவற்றால் முடிவதில்லை என்பதால் இருட்டுக் காட்சி சாம்பல் பூத்ததாகத் தெரிகிறது. மிக வெளிச்சமான வெண்மைக்கும் மிக இருண்ட கருப்புக்கும் உள்ள விகிதம் ‘கான்ட்ராஸ்ட்’ எனப்படும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வண்ணம் மாறாத ஐபிஎஸ் வகையில் அது ஏறத்தாழ 1,000-க்கு 1 என்ற அளவிலும், நேரெதிரே அமர்பவருக்கே ஏற்ற விஏ வகையில் 3,000-க்கு 1 அல்லது அதற்கு மேலும் அமைகிறது. இக்குறையை ஈடுகட்ட, பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடத்தில் மட்டும் தணிக்கும் முறை வந்தது; விளக்குகளை மிகச் சிறியவையாக்கி, பகுதிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியதே ‘மினி எல்இடி’. ஓலெட் திரையில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் வேர்கொண்டு, 2013-இல் எல்ஜி நிறுவனத்தின் 55 அங்குல டிவியாகச் சந்தைக்கு வந்த இத்தொழில்நுட்பத்தில், 4கே திரையின் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்களும், அதாவது படப்புள்ளிகளும், தாமே ஒளிர்ந்து தாமே அணைகின்றன.

இவ்வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்க ஒரு சப்டைட்டில் வரியே போதும். இரவுக் காட்சியின் அடியில் வெள்ளை எழுத்துகள் தோன்றும்போது அவற்றைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் படர்ந்தால், பின்னொளியின் பகுதிகள் போதாதவை என்று கொள்ளலாம். எனினும் கருப்பு ஆழமாக இருப்பது மட்டும் போதாது; கருப்புக் கோட்டின் மடிப்பும், நிழலில் நிற்பவரின் தலைமுடி இழையும் அந்த ஆழத்தில் மூழ்கிவிடாமல் தெரிய வேண்டும். 2019-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர்ப் பகுதி ஒளிபரப்பானபோது எதுவும் தெரியவில்லை என்று பார்வையாளர்கள் பெருமளவில் முறையிட்டனர். அதற்குத் திரைகளின் அமைப்பைப் போலவே இணையவழி அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கிய முறையும் காரணமாயிற்று. சுருக்கத்தின் பழியை டிவியின் மேல் போடாதிருக்க வேண்டுமானால், நன்கு பதிவான மூலத்தைக் கொண்டே சோதிக்க வேண்டும். ஓலெட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. செய்திச் சேனலின் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் வீட்டில், அவற்றின் தடம் காலப்போக்கில் திரையில் நிலைத்துவிடக் கூடும்.

வெளிச்சத்தின் அலகு நிட்; ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து வரும் ஒரு கேண்டெலா ஒளியைக் குறிப்பது. பழைய முறையில் படங்கள் 100 நிட்டை உச்சமாகக் கொண்டு தயாராயின. எச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி வீச்சு முறையில் 1,000 நிட் வரையிலும், சில படங்கள் 4,000 நிட் வரையிலும் சீரமைக்கப்படுகின்றன. விளம்பரத்தில் காணும் உச்ச அளவு பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது எடுக்கப்பட்டது. பகல் வெயிலில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தைப் போலத் திரை முழுவதும் ஒளிர வேண்டிவரும்போது, குறிப்பாக ஓலெட்டில், அது வெகுவாகக் குறைந்துவிடும். படத்தில் உள்ள வெளிச்சம் டிவியின் திறனை மீறும்போது அது எப்படிச் சமாளிக்கிறது என்பதே உண்மையான சோதனை. சூரியனைச் சுற்றிய மேகங்களின் விளிம்பு தனித்தனியே தெரிகிறதா, எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடுகிறதா என்று பார்க்கலாம். காட்சிக்குக் காட்சி இதற்கான குறிப்பைப் படத்தோடு அனுப்புவது டால்பி விஷன். முழுப் படத்துக்கும் ஒரே குறிப்போடு நிற்பது எச்டிஆர்10.

வண்ணத்துக்கு மனிதத் தோலைவிட நல்ல சோதனை இல்லை. மாநிற முகம் ஆரஞ்சாகவோ செம்மண் நிறமாகவோ மாறினால், மற்ற வண்ணங்கள் எவ்வளவு பொலிந்தாலும் பயனில்லை. தெளிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 55 அங்குல 4கே திரையில், ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால் சராசரிக் கண்ணால் பிக்சல்களைத் தனித்துப் பார்க்க இயலாது என்பதால், அந்த அளவுத் திரைக்கு 8கே என்பது வீண் செலவே.

அசைவு அப்படிக் கடந்துபோகக் கூடியதன்று. நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படும் திரைப்படத்தின் இடைவெளிகளில், இல்லாத சட்டங்களை டிவி தானே கற்பனை செய்து சேர்ப்பதால் வரும் வழுவழுப்பு, பெரிய படத்தையும் மெகா சீரியல்போல் ஆக்கிவிடுகிறது. 2018-இல் நடிகர் டாம் குரூஸ் இதை அணைத்துவிடுமாறு ரசிகர்களுக்குக் காணொளியில் வேண்டுகோள் விடுத்தார். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்பு இதைத் தானே அணைத்துவிடுகிறது. விளையாட்டுக்கு மட்டும் சிறிதளவு அனுமதிக்கலாம். பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓட, கேமரா அதைத் தொடர்ந்து பச்சை மைதானத்தின்மேல் நகரும்போது, புல்வெளியில் அழுக்குப் படிந்த கண்ணாடியைப் போன்ற திட்டுகள் தென்பட்டால், அது அந்தப் பலகத்தின் சீரின்மை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது போகாது.

ஒலியில் மெலிந்த டிவி தன் அழகுக்கு விலை கொடுக்கிறது. தாழ்ந்த நாதத்தை எழுப்ப ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். விரற்கடை தடிமனுள்ள பெட்டியில், கீழ்நோக்கிப் பொருத்தப்பட்ட சிறு ஸ்பீக்கருக்கு அது ஆகாத காரியம், வாட் எண்ணிக்கை எவ்வளவு அச்சிடப்பட்டிருந்தாலும். திரையையே அதிரவைத்து ஒலி எழுப்பும் முறையைச் சோனி 2017-இல் ஓலெட் டிவியில் கொண்டுவந்தது. பேச்சு பேசுபவரின் வாயிலிருந்தே வருவதுபோல் அதில் கேட்கும். மிருதங்கக் கச்சேரி ஒன்றை ஓடவிட்டால் குறை விளங்கிவிடும்: வலந்தலையின் மணியோசை எல்லா டிவியிலும் வரும், தொப்பியின் கும்கி பலவற்றில் காணாமற்போகும். ஒலியளவைக் கூட்டும்போது பெட்டியின் பின்புறம் கிடுகிடுக்கிறதா, குறைக்கும்போது பின்னணி இசைக்கு அடியில் வசனம் புரிகிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமான கூடத்தில் எந்த ஸ்பீக்கரும் எதிரொலிக்கும். திரைச்சீலையும் விரிப்பும் அதை ஓரளவு அடக்கும்.

2012-இல் ‘பிரேவ்’ படத்தில் அறிமுகமாகி, அவ்வாண்டே ‘சிவாஜி 3டி’ வழியாகத் தமிழுக்கும் வந்த டால்பி அட்மாஸ், ஒவ்வோர் ஒலியையும் அறையின் ஓரிடத்தில் வைக்கப்பட்ட தனிப்பொருளாகக் கருதுகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கர்கள் அதன் சாயலையே தரும் என்பதால், சவுண்ட்பாருக்கும் பணம் ஒதுக்குவது நல்லது. அதை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை ‘இ-ஆர்க்’ வகையா என்று பார்க்க வேண்டும். பழைய ஆர்க் வழியாக ஓடிடி தளங்களின் சுருக்கப்பட்ட அட்மாஸ் செல்லும், ப்ளூ-ரே வட்டின் முழு ஒலி செல்லாது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் விழும் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஏற்பாடும் இ-ஆர்க்கில் உண்டு. அது ஒழுங்காக நடக்கிறதா என்பதைச் செய்தி வாசிப்பவரின் வாயைச் சற்று நேரம் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்.