கண்ணாடிக்குள் ஓடும் ஊர்ப்பேச்சு!

காட்கோபரில் சாலையோரம் பள்ளம் வெட்டினால் "மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டு ரெயிலைப் பிடிக்க ஓடுகிறோம். குழிக்குள் சுருண்டு கிடக்கும் பிளாஸ்டிக் குழாயை நின்று பார்ப்பவர் குறைவு. அதற்குள்தான் தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழைகள் போகின்றன. அம்மாவுடன் நாம் பேசும் பேச்சும் அதில்தான் போகிறது.

செல்போனுக்கு ஏது கம்பி என்று கேட்கலாம். கோபுரம் வரைதான் காற்றில் பயணம். அதற்கப்பால் பெரும்பாலும் கண்ணாடி வழிதான்.

பழைய பம்பாய்வாசிகளுக்கு டிரங்க் கால் நினைவிருக்கும். ஊரிலிருந்து தந்தி வந்ததும் பதறி ஓடிப் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று வகைகள். மின்னல் காலுக்கு 8 மடங்கு கட்டணம்! கிடைத்தாலும் "ஹலோ, ஹலோ" என்று கத்தியே 3 நிமிடம் தீர்ந்துவிடும்.

அன்று செம்புக் கம்பியில் மின்சாரமாகப் போன குரல், இன்று ஒளியாகப் போகிறது. குரலை எண்களாக மாற்றுகிறார்கள். அந்த எண்களுக்கு ஏற்ப லேசர் விளக்கு வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை மினுக்குகிறது. சென்னை சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கண் சிமிட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

வளைவில் ஒளி வெளியேறாதா? ஊர்க் கிணற்றில் மூழ்கிச் சாய்வாக மேலே பார்த்திருக்கிறீர்களா? நீர்ப்பரப்பு ரசம் பூசிய கண்ணாடிபோல் மின்னும். அதே சங்கதிதான். இழையின் நடுவில் ஒருவகைக் கண்ணாடி, சுற்றிலும் வேறுவகை. இரண்டும் சேரும் இடத்தில் ஒளி பட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது.

பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1954-ல் லண்டனில் ஹாப்கின்சுடன் சேர்ந்து இழைக் கற்றை வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். கண்ணாடியைச் சுத்தமாக்கினால் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் சொன்ன சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்கு இல்லை. நமக்கு அது குறைதான்.

இந்தியாவில் இது முதலில் வந்தது பக்கத்திலுள்ள புனேயில், 1979-ல்.

காட்கோபரில் மெட்ரோ ஏறினால் கடைசி நிலையம் வெர்சோவா. அந்தக் கடற்கரையில் வெளிநாட்டுக் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியா முழுவதும் இணையம் திணறியது.

அங்கே கடலில் அறுந்தது. நம் தெருவில் அறுப்பது கடப்பாறை. ஒருவர் மூடிய பள்ளத்தை இன்னொருவர் வெட்டும் வழக்கம் ஒழிந்தால் பாதி விபத்து குறையும். பள்ளம் வெட்டும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: மண்ணுக்குள் எச்சரிக்கை நாடா தெரிந்தால் உடனே நிறுத்தி மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். கண்ணாடி இழையைச் செம்புக் கம்பிபோல் முறுக்கிக் கட்ட முடியாது. முனைகளை நேர்நேராக வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டவேண்டும். 96 இழை அறுந்தால் அத்தனையையும் ஒட்டியாக வேண்டும்.

அதுவரை வங்கியிலும் கடையிலும் "லைன் இல்லை" என்பார்கள். ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் சட்டைப்பையிலேயே கிடக்கும்.