குகையில் ஆறு நாள் வாரம்

இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகல் பத்து மணிக்குக் கண்ணெரிச்சலோடு புரண்டு புரண்டு படுப்பதைக் காணும் வீட்டார், “போகப் போகப் பழகிவிடும்” என்று ஆறுதல் சொல்வது வழக்கம். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் மெய் என்பதை ஒரு விஞ்ஞானி தம் சரீரத்தையே சாட்சியாக வைத்து விசாரித்ததுண்டு.

சிக்காகோ சர்வகலாசாலையில் உடலியல் ஆசிரியராயிருந்த நதானியல் கிளைட்மன், 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புரூஸ் ரிச்சர்ட்சன் என்னும் மாணவரை அழைத்துக்கொண்டு கெண்டக்கி மாகாணத்து மாமத் குகைக்குள் இறங்கி, சூரிய வெளிச்சமும் சேவற்குரலும் எட்டாத அவ்விடத்தில் 32 நாள் வாசம் செய்தார். குளிரோ எந்நேரமும் சுமார் 12 டிகிரி சென்டிகிரேடு. எலியும் பூச்சியும் ஏறாதபடி, நாம் எறும்புக்கு அஞ்சி அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுபோல, கட்டிலின் நெடுங்கால்களைப் பாத்திரங்களில் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் வகுத்துக்கொண்ட நாளுக்கு 28 மணி நேரம். அதில் 19 மணி விழிப்பு, 9 மணி நித்திரை. உலகத்தாரின் ஏழு நாள் வாரம் அவர்களுக்கு ஆறே நாளில் முடிந்துவிடும்.

இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இந்த ஏற்பாட்டுக்கு இணங்கிவிட்டது. 43 வயதினரான கிளைட்மனின் உடல் வெப்பமோ பழைய 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அட்டவணை என்ன சொன்னாலும் வெளியுலகின் இரவு பத்து மணி அவருக்குத் தூக்கத்தைக் கொணர்ந்தது. இரண்டே பேரைக் கொண்டு சித்தாந்தம் எதையும் ஸ்தாபித்துவிட முடியாதுதான். ஆயினும் தூக்கத்தையே ஆயுள் முழுதும் ஆராய்ந்தவருக்கு இசையாத சரீரம், மேஸ்திரி அதட்டினால் மட்டும் இசைந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

மூளையின் அடியில், கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்றே மேல், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்றே உடலை இப்படி 24 மணிக் கணக்கில் நடத்தும் அகக் கடிகாரம். கண்வழி வரும் ஒளியைக் கொண்டு அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே, ஆலை வாசலைத் தாண்டிக் காலை வெயிலில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு அந்த வெயிலே ‘விடிந்தது’ என்று சொல்லிவிடுகிறது. அவர் படுக்கும் வேளையில் உடல் வெப்பம் ஏறத் தொடங்கிவிடுவதால், குக்கர் சத்தமும் கீரைக்காரியின் குரலும் இல்லாவிட்டாலுங்கூட உறக்கம் பாதியில் கலைகிறது. அரைத் தூக்கத்தோடு மறுபடி வேலைக்குப் போகிறவரின் நிலை அபாயமானது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-இல் சோதித்தபோது, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடையவை போலவே தடுமாறின. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராமே.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், பெரிய உப்பு ஏரியிலிருந்து தாதுப்பொருள் எடுக்கும் ஆலையொன்றில், தொழிலாளரை வாரந்தோறும் இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்குமாகப் பின்னோக்கி மாற்றிவந்தார்கள். சார்லஸ் சைஸ்லர் முதலிய ஆராய்ச்சியாளர் சொன்னபடி வரிசை திருப்பப்பட்டது: காலைக்குப் பின் மாலை, மாலைக்குப் பின் இரவு, ஒவ்வொன்றிலும் மூன்று வாரம். தொழிலாளரின் குறைகள் தணிந்தன. வேலையை விட்டுப் போவோர் குறைந்தனர். உற்பத்தியும் உயர்ந்தது என்று 1982-இல் அவர்கள் எழுதினார்கள். நம் அகக் கடிகாரத்தின் ஒரு சுற்று, அதே சைஸ்லர் 1999-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, சராசரி 24 மணி 11 நிமிஷம். நாளைச் சற்று நீட்டச் சொன்னால் சம்மதிக்கும் சரீரம், குறுக்கச் சொன்னால் முரண்டு பிடிப்பது அதனால்தான்.