எடை மெஷின் சொல்லாத கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

வாக்கிங் ஆரம்பிச்சு, மூணாவது வாரம் எடை மெஷின்ல ஏறிப் பார்த்துட்டு, "ஒண்ணும் குறையலையே"ன்னு ஷூவைத் தூக்கி மூலையில போட்டவங்களுக்காகவே இந்த எபிசோட். அந்த மாதிரி ஆளுங்க நம்மள்ல ரொம்பப் பேர். சாத்தான்குளம் பஜார்ல காப்பி குடிக்கிற அண்ணாச்சிகிட்ட கேட்டாலும் சரி, வேளச்சேரியில ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தைக் கட்டிட்டு ரெண்டே மாசத்துல நின்ன தம்பிகிட்ட கேட்டாலும் சரி, ஒரே பதில்தான்: "செஞ்சு பார்த்தாச்சு, வேலைக்கு ஆகலை."

வேலைக்கு ஆச்சா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நாம எடை மெஷினை உட்கார வெச்சிருக்கோம். அங்கதான் சிக்கல். இதைக் காட்டுறதுக்குச் சென்னையிலயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அதுக்கு முன்னாடி, நாம எல்லாரும் நம்புற நாலு விஷயத்தைப் பார்த்துருவோம்.

வேர்வை வழிஞ்சா கொழுப்பு கரையுமா?

சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் சித்திரை வெயில் எப்படி இருக்கும்னு அந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். செம்மண் தேரிப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தா சட்டை பிழியுற அளவுக்கு நனைஞ்சிரும். வீட்டுக்கு வந்து மெஷின்ல ஏறினா அரைக் கிலோ, முக்கால் கிலோ குறைஞ்சிருக்கலாம். சந்தோஷப்படாதீங்க. அது முழுக்கத் தண்ணி. ஒரு லிட்டர் வேர்வை போனா ஒரு கிலோ குறையும், ரெண்டு பட்டை பதநீர் குடிச்சா திரும்பி வந்துரும். வேர்வைங்கிறது உடம்பு தன் சூட்டைத் தணிக்கிற வழி, அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஜாக்கெட், வயித்துல கட்டுற பெல்ட் எல்லாம் இந்தத் தண்ணிக் கணக்கைக் காட்டித்தான் விக்கிறாங்க. வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு ஓடுறது ஆபத்தும்கூட.

அப்போ கொழுப்பு எந்த வழியா வெளியே போகுது? பெரும்பகுதி மூச்சு வழியா! ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரெண்டு ஆய்வாளர்கள் 2014-ல இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா, 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போகுது. மீதி 1.6 கிலோதான் தண்ணியா மாறுது. அதுக்காக வேகவேகமா மூச்சு விட்டா மெலிஞ்சிருவோம்னு நினைக்காதீங்க, தலைதான் சுத்தும். எரியறதுக்கு உடம்புக்குத் தேவை வரணும்.

தொப்பைக்குன்னு தனி எக்சர்சைஸ் இருக்கா?

"தினம் நூறு சிட்-அப், முப்பது நாள்ல தொப்பை போச்சு"ன்னு ரீல்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு. 1971-ல டென்னிஸ் வீரர்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. டென்னிஸ் ஆடுறவங்க வருஷக்கணக்கா ஒரே கையைத்தான் அதிகமா உபயோகிப்பாங்க. அந்த இடத்து எக்சர்சைஸ் அந்த இடத்துக் கொழுப்பைக் கரைக்கும்னா, அந்தக் கையில தோலுக்கு அடியில கொழுப்பு கம்மியா இருக்கணும். அளந்து பார்த்தா ரெண்டு கையிலயும் ஒரே அளவு. தசை மட்டும் ஆடுற கையில பெருசா இருந்துச்சு. சிட்-அப் போட்டா வயித்துத் தசை பலமாகும், அது நல்லதுதான். மேல இருக்கிற கொழுப்பை எந்த இடத்துல இருந்து முதல்ல எடுக்கணும்னு உடம்புதான் முடிவு பண்ணும்.

கருப்பட்டி காப்பி வெயிட் போடாதா?

இது நம்ம பக்கத்து நம்பிக்கை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கு, வாசனைக்கும் ருசிக்கும் ஈடே கிடையாது. ஆனா கருப்பட்டியில பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில இருக்கிறதும் அதேதான். கூடக் கொஞ்சம் தாதுச் சத்து இருக்கும், கலோரியில பெரிய வித்தியாசம் வராது. "கருப்பட்டிதானே"ன்னு மூணு டம்ளர் குடிச்சா மூணு டம்ளர் இனிப்பும் கணக்குல ஏறும். பிடிச்சா குடிங்க. மருந்துன்னு நினைச்சுக் குடிக்காதீங்க.

நடந்து பரோட்டாவைக் கழிச்சிரலாமா?

70 கிலோ இருக்கிற ஒருத்தர் அரை மணி நேரம் வேகமா நடந்தா தோராயமா 130லருந்து 150 கலோரி செலவாகும். எண்ணெய் விட்டுப் போட்ட ஒரு பரோட்டா, கடைக்குக் கடை மாறும்னாலும், 250 கலோரிக்குக் குறையாது. சால்னா தனி. ஒரு பரோட்டாவை நடந்து கழிக்க ஒரு மணி நேரம் ஆகுது. அதனால எடை குறையணும்னா தட்டுலதான் பெரிய வேலை இருக்கு.

இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. தான்சானியாவுல ஹட்சான்னு ஒரு மக்கள், வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழுறவங்க. ஆண்கள் ஒரு நாளைக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நடக்கிறாங்க. ஹெர்மன் பான்ட்சர்ங்கிற ஆய்வாளரோட குழு அவங்களோட கலோரிச் செலவை அளந்து 2012-ல வெளியிட்டது. உடம்பு அளவைக் கணக்குல எடுத்துப் பார்த்தா, ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற அமெரிக்கர்களோட மொத்தச் செலவுக்கும் இவங்களோடதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! நாம நிறைய உழைக்கும்போது உடம்பு மத்த இடத்துல சிக்கனம் பிடிக்குதுங்கிறது பான்ட்சர் தர்ற விளக்கம். இதுல இன்னும் விவாதம் ஓடுது. ஆனா எக்சர்சைஸை மட்டும் நம்பி எடையைக் குறைக்கிறவங்களுக்குக் கணக்குப் போட்ட அளவு குறையறதில்லைங்கிறது பல ஆய்வுல வந்த முடிவு.

"அப்போ எதுக்குய்யா நடக்கணும்?"னு கேப்பீங்க. இங்கதான் சென்னை ஆய்வு வருது.

எடை குறையலை, சுகர் குறைஞ்சது

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில நடந்த அந்த ஆய்வுக்கு இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்னு பேர். முடிவு 2006-ல வந்தது. சுகர் வர்ற விளிம்புல இருந்த 531 பேரை நாலு குழுவாப் பிரிச்சாங்க. முதல் குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். ரெண்டாவது குழுவுக்கு உணவுல மாத்தம், தினம் குறைஞ்சது அரை மணி நேரம் வேக நடை. மூணாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு ரெண்டும் சேர்த்து.

மூணு வருஷத்துல முதல் குழுவுல 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துருச்சு. நடையும் உணவு மாத்தமும் பண்ணின குழுவுல 39.3 சதவீதம். மாத்திரை எடுத்தவங்கள்ல 40.5 சதவீதம். ரெண்டும் சேர்த்த குழுவுல 39.5. அரை மணி நேர நடையும் தட்டுல ஒரு ஒழுங்கும், மாத்திரைக்குச் சமமா நின்னிருக்கு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். அந்த ரெண்டாவது குழுவுல சராசரி எடை சொல்லிக்கிற அளவுக்குக் குறையவே இல்லை! அவங்க எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தா, "வேலைக்கு ஆகலை"ன்னு முதல் மாசமே நிறுத்தியிருப்பாங்க. நிறுத்தியிருந்தா, நூத்துக்குப் பதினஞ்சு, பதினாறு பேருக்கு வராம நின்ன சுகர் வந்திருக்கும். உணவையும் நடையையும் சேர்த்துச் செஞ்சதுல வந்த பலன் இது, நடைக்கு மட்டும் பெயரைக் கொடுக்க முடியாது. ஆனா எடை நகராம இருந்தாலும் உள்ளே மாத்தம் நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உள்ளூர் சாட்சி வேணுமா? நடக்கும்போது கால் தசை ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை எடுத்துக்குது, இன்சுலின் சொல்ற பேச்சை உடம்பு கேக்க ஆரம்பிக்குது. மெஷின்ல இது எதுவும் தெரியாது.

ஒல்லியா இருக்கேன், எனக்கு எதுக்கு?

இதுவும் ஒரு மித்தான். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்களையே அளந்து 2004-ல லான்செட் இதழ்ல போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. பக்கத்துல நிறுத்தினா ரெண்டு பேரும் ஒல்லிதான். ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்ம ஆளுங்க வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. கை, கால் குச்சியா இருந்து வயிறு மட்டும் முன்னால வர்ற தம்பிங்க இதை ரெண்டு தடவை படிங்க.

சரி, எதை அளக்கிறது?

இடுப்பை அளங்க. இந்தியர்களுக்கு ஆண்கள்னா 90 சென்டிமீட்டர், பெண்கள்னா 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். டேப் இல்லையா? அரைஞாண்கயிறு கட்டியிருந்தா அது இறுகுதா, தளருதான்னு பாருங்க. மாடிப்படி ஏறும்போது எந்த மாடியில மூச்சு வாங்குதுன்னு குறிச்சு வெச்சு, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க. வீட்டுல அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்தா, நீங்க ஒல்லியா இருந்தாலும் வருஷம் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்க.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்ற அளவு வாரத்துக்கு 150 நிமிஷத்துலருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை. தண்ணிக் குடம் தூக்குறது, தண்டால் போடுறதுகூட தசைக்கு வேலைதான். "வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிருவோம்"னு பயப்படுற அக்காக்களே, தங்கச்சிகளே, அப்படித் தசை வளர வருஷக்கணக்கா அதே வேலையா இருக்கணும். வாரம் ரெண்டு நாள்ல எலும்புக்கும் மூட்டுக்கும் பலம்தான் வரும். ஏற்கெனவே சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

மூலையில கிடக்கிற அந்த ஷூவைத் தூசி தட்டுங்க. இந்த எபிசோடை, "நடந்து ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்ற உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அனுப்பி விடுங்க.