ஸைக்கிள் சிப்பாய்கள்

ஸைக்கிளேறித் தேசத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றிவருதல் இக்காலத்து வாலிபர்களின் உல்லாசங்களில் ஒன்றாகிவிட்டது. பத்துப்பேர் கூட்டமாய்ச் சேர்ந்து கிளம்புகிறார்கள்; நல்ல ரஸ்தா இருக்கிறது, வழியில் சாப்பாட்டு விடுதி இருக்கிறது, கால் ஓய்ந்தால் ரயில் இருக்கிறது. இதில் நாம் குறை காணவில்லை. ஆயினும், ரஸ்தாவும் விடுதியும் அநேகமாய் இல்லாத ஒரு பிரதேசத்தில், தோளில் துப்பாக்கியுடன் 1,900 மைல் மிதித்துச் சென்ற ஒரு கூட்டத்தின் வரலாற்றை நேயர்கள் அறிந்திருப்பது நலம். அவர்கள் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்திற்குப் பிறகு, ஆப்பிரிக்க வம்சத்தினருக்கென்று அந்நாட்டு ராணுவத்தில் தனிப் படைகள் ஏற்பட்டன. காலாட்படைகள் இரண்டு, குதிரைப்படைகள் இரண்டு. சிப்பாய்கள் கறுப்பர், உத்தியோகஸ்தர்களோ பெரும்பாலும் வெள்ளையர். இவற்றுள் 25-ஆவது காலாட்படையின் ஒரு பகுதி மான்டானா மாகாணத்து மிஸ்ஸூலா கோட்டையில் தங்கியிருந்தது. அங்கு வந்து சேர்ந்தார் ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் லெப்டினன்ட். இவர் 1894-ஆம் வருஷம் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையில் தேறியவர்களில் கடைசி ஸ்தானம் பெற்றவர். பரீக்ஷையில் கடைசியாய் வருகிற பிள்ளைகளைப் பற்றி நம் பெற்றோர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை இவர் ஓரளவு மாற்றக்கூடும்.

மாஸின் வாதம் எளியது. குதிரைக்குத் தீனி வேண்டும், ஸைக்கிளுக்கு வேண்டாம். குதிரை கனைக்கும், புழுதி கிளப்பும்; ஸைக்கிள் ஓசையின்றிப் போகும், புதரில் படுக்கவைத்தால் மறைந்துவிடும். படைத்தலைவர் ஜெனரல் மைல்ஸ் இதற்கு அனுமதியளித்தார். 1896-இல் எட்டுச் சிப்பாய்களைப் பழக்கி, யெல்லோஸ்டோன் வனம் வரை சென்று மீண்டார் மாஸ். அடுத்த வருஷத்திற்கு அவர் வகுத்த திட்டம் பெரிது: மலையும் பாலையும் கடந்து, மிஸ்ஸௌரி மாகாணத்து ஸெயிண்ட் லூயிஸ் நகரம் வரை போவது. குதிரை தின்னும் கொள்ளின் செலவு மிச்சமென்று கணக்குக் காட்டிய இந்த வாதத்தில், மிதிக்கிறவனுடைய வயிற்றைப் பற்றி அதிகம் பேச்சில்லை என்பதை நாம் கவனிக்கிறோம்.

1897-ஆம் வருஷம் ஜூன் 14-ந்தேதி விடியற்காலையில் கிளம்பியவர்கள் இருபது சிப்பாய்கள், மாஸ், கென்னடி என்ற ராணுவ வைத்தியர், நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர். மிஸ்ஸூலா பத்திரிகையின் நிருபராகிய எட்வர்ட் பூஸ் என்ற அவருக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. மாஸின் அறிக்கைகளும் இவ்விளைஞரின் கடிதங்களுமே இந்த யாத்திரையைப் பற்றி நமக்குத் தெரிவிக்கின்றன. மிதித்த இருபதுபேரின் வாய்மொழி நமக்கு அநேகமாய் எட்டவில்லை. படிக்கும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஒவ்வொருவனும் சுமந்ததைச் சொல்லுவோம். ஹாண்டில்பாரில் கம்பளிச் சுருளும் பாதிக் கூடாரமும் கட்டப்பட்டிருந்தன. இருவர் தத்தம் பாதியை இணைத்தாலன்றி இரவில் தலைக்குமேல் துணியில்லை. சட்டத்தின் நடுவே உள்ள முக்கோணத்தில் கெட்டித் தோற்பெட்டி, அதில் ஆகாரம். பெட்டி படுக்கையோடு சேர்த்து வண்டியின் கனம் ஏறக்குறைய 59 ராத்தல். இதல்லாமல் உடம்பின்மேல் பத்து ராத்தல் துப்பாக்கியும் ஐம்பது தோட்டாக்களும். மாணாக்கராயிருந்த காலத்தில் நாம் பஞ்சரான ஸைக்கிளொன்றை இரண்டு மைல் தள்ளிக்கொண்டுபோய், அன்று மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். அந்த வண்டியில் ஒரு புத்தகத்தைத் தவிர வேறு சுமையில்லை.

ஆகாரம் உப்பிட்ட பன்றியிறைச்சி, மாவு, டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி, அவரைப் பருப்பு, காபி, சர்க்கரை. இரண்டு நாளைக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோவது. ஏறக்குறைய நூறு மைலுக்கு ஓரிடத்தில் ரயில் மூலம் முன்னதாகவே அனுப்பி வைத்திருப்பதைப் பெற்றுக்கொள்வது. நாளொன்றுக்கு ஐம்பது மைல் என்று காகிதத்தில் போட்ட கணக்கு அது. மழை பிடித்துக்கொண்டாலோ, இரண்டு நாள் ஆகாரத்தை மூன்று நாளைக்கு நீட்டவேண்டும். மழையும் பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்து மண் களிமண். நனைந்தால் மாவு பிசைந்தாற்போல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும்; சில கஜ தூரத்திற்கொருமுறை இறங்கிக் குச்சியாலும் கத்தியாலும் சுரண்டவேண்டும். மிதிக்க முடியாதபோது தள்ளுவது, தள்ள முடியாதபோது தூக்குவது. ராக்கி மலைத்தொடரின் உச்சியைத் தாண்டும் ஸமயத்தில், ஜூன் மாதத்திலேயே, பனியும் மழையும் கலந்து கொட்டின. பாதை முற்றிலும் சேறான இடங்களில் ரயில் பாதையின்மேல் ஏறினார்கள். ஸ்லீப்பர் கட்டைக்குக் கட்டை சக்கரம் இடித்துத் துள்ள, மைல் கணக்காக அவ்விதம் போகிறவனுடைய கைகளும் முதுகும் என்ன பாடு பட்டிருக்குமென்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்திவேளையில் நனைந்த கூடாரம், நனைந்த கம்பளி, நனைந்த விறகு. அதற்குமேல் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிடுதல், ஸைக்கிளைச் செப்பனிடுதல். சிப்பாய்களுள் ஜான் ஃபிண்ட்லி என்பவர் முன்பு ஸைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்தவராதலால், மற்றவர்கள் படுத்தபின்பும் அவருக்கு வேலையிருந்திருக்கும்.

ஜூன் கடைசியில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தின் வழியே சென்றார்கள். 21 வருஷங்களுக்கு முன்பு, தங்கள் மண்ணைக் காக்க நின்ற லகோட்டா, செயென் ஜாதியார் கஸ்டருடைய படையை அழித்த இடம் அது. ஒரு தலைமுறைக்கு முன்வரை அடிமை விலங்கு பூண்டிருந்த ஜாதியார், தங்கள் நாட்டை இழந்த மற்றொரு ஜாதியாரின் பூமியில், இருவரையும் ஆண்ட ராஜ்யத்தின் சீருடையணிந்து அன்று நின்றார்கள். அங்கே நின்ற சிப்பாயின் மனத்தில் என்ன ஓடியதென்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

நெப்ராஸ்கா மாகாணத்து மணற்குன்றுகள் எல்லாவற்றிலும் கொடியவை. சுமார் 170 மைலுக்கு மணல். சக்கரம் புதையும், மறுபடியும் ரயில் பாதையே கதி. வெயிலோ உடலை வாட்டுவது. குடிக்கக் கிடைத்த நீர் கார உப்பு மிகுந்தது; குடித்தால் வயிறு கெடும், குடியாவிட்டால் நா வறளும். பலர் நோயுற்றனர். மாஸும் படுத்துவிட்டார், வைத்தியர் கென்னடி சில நாள் தலைமை வகிக்க நேர்ந்தது. உத்தியோகஸ்தர் நோயுற்றதால் படை நிற்கவில்லை. வரிசையை நடத்தியவர் ஸார்ஜண்ட் மிங்கோ ஸாண்டர்ஸ் என்பவர். வயது 39, கூட்டத்தில் மூத்தவர் அவரே. முன்னொரு வெடி விபத்தினால் ஒரு கண்ணில் பார்வை அநேகமாய் இல்லை. ஒற்றைக் கண்ணால் பள்ளமும் மேடும் பார்த்து மிதித்துக்கொண்டு, பின்வருகிறவர்களையும் தவறாமல் சேர்த்துக்கொண்டுபோன இந்த மனிதரின் பெயரை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

வழியிலுள்ள கிராமங்களில் ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அவர்களிற் பலர் கறுப்பரைப் பார்த்ததே அபூர்வம். கறுப்பர் ஸைக்கிளில் வருவதைப் பார்த்தது அதனினும் அபூர்வம். மிஸ்ஸௌரி மாகாணத்தில் நுழைந்ததும் ரஸ்தா சற்றுத் திருந்திற்று. மனிதர் முகம் மாறிற்று. 1865 வரை அடிமைத்தனம் சட்டமாயிருந்த மாகாணம் அது. வரவேற்புக் குறைந்து, சில இடங்களில் வெறுப்பே எதிர்ப்பட்டது. ஸர்க்கார் சீருடை அணிந்திருந்தும் இந்த நிலைமை.

ஜூலை 24-ந்தேதி ஸெயிண்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். நகரத்து ஸைக்கிள் சங்கத்தார் எதிர்கொண்டழைத்தனர். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து பார்த்தனர். உண்மையில் பிரயாணம் செய்த நாட்கள் 34. சராசரி நாளொன்றுக்கு 56 மைல். மணிக்கு ஆறு மைலுக்குச் சற்று அதிகம். நடந்து போகும் படைக்கு ஆகும் காலத்தில் பாதியும் செலவில் மூன்றிலொரு பங்குமே ஆயிற்றென்று மாஸ் கணக்குக் கொடுத்தார். ஸைக்கிள் தேறியது. மனிதர்களையும் ஸைக்கிள்களையும் ரயிலிலேற்றி மிஸ்ஸூலாவிற்குத் திருப்பியனுப்பினார்கள். மறு வருஷம் ஸ்பெயினுடன் யுத்தம் மூண்டு, 25-ஆவது படை கியூபாவுக்குப் போயிற்று. ஸைக்கிள் படையை ராணுவம் பிறகு நினைக்கவில்லை.

நிற்க. மனிதர்களைப் பற்றிய கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. 1906-ஆம் வருஷம் ஆகஸ்ட் 13-ந்தேதி இரவு, டெக்ஸாஸ் மாகாணத்து ப்ரௌன்ஸ்வில் ஊரில் யாரோ துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் இறந்தார். அங்கே முகாமிட்டிருந்த 25-ஆவது படையின் சிப்பாய்களே செய்தார்களென்று ஊரார் கூறினர். சிப்பாய்கள் ஒருவரும் குற்றத்தை ஒப்பவில்லை, பிறரைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. காட்டிக்கொடாமையே சதியெனக் கொண்டு, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை ஒரே உத்தரவில் மரியாதையின்றி நீக்கினார். குற்றச்சாட்டுப் பத்திரமில்லை, விசாரணை மன்றமில்லை, குறுக்கு விசாரணையில்லை. ஒருவன் செய்தது இன்னதென்று நிரூபியாமல் அவனைத் தண்டிப்பதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் இடமிருக்கிறதென்று, வக்கீல் தொழில் செய்த நமக்குத் தெரியவில்லை. மௌனம் குற்றமாகுமானால், நிரபராதி எதைச் சொல்லித் தப்புவான்? தனக்குத் தெரியாததையா?

நீக்கப்பட்டவர்களில் மிங்கோ ஸாண்டர்ஸும் ஒருவர். 25 வருஷத்திற்கு மேற்பட்ட ஊழியம். உபகாரச் சம்பளம் நெருங்கியிருந்த ஸமயம். கியூபா யுத்தத்தில் ரூஸ்வெல்டின் ஆட்கள் பசித்திருந்தபொழுது தம்முடைய பிஸ்கோத்தைப் பங்கிட்டுக் கொடுத்தவர் இவரென்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை.

1972-ஆம் வருஷத்தில் அமெரிக்க ராணுவம் அந்த உத்தரவைத் தவறென்று ஒப்புக்கொண்டு, 167 பேரும் கௌரவமாய் விலகியதாகப் பதிவேட்டைத் திருத்தியது. 66 வருஷம் கழிந்திருந்தது. அவர்களில் உயிரோடு எஞ்சியிருந்தவர் மிகச் சிலரே. ஸாண்டர்ஸ் 1929-ஆம் வருஷத்திலேயே இறந்துபோயிருந்தார்.